ஆட்சேபணை எதுவும் வரவில்லை

எங்கள் வீட்டுப் பரணில் மூன்று மானிட்டர் பெட்டிகள் இருக்கின்றன. மானிட்டர்கள் இல்லை, பெட்டிகள் மட்டும். வீடு மாறும்போது உதவும் என்று வைத்திருக்கிறேன். சிட்லபாக்கத்துக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது, மாறுகிற உத்தேசம் எதுவும் கிடையாது. எந்தச் சாதனத்துக்கும் பொருந்தாத சார்ஜர்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய உண்டு. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் என் மனைவி அந்த டின்னை வாசலுக்குக் கொண்டுபோவாள். நான் திருப்பிக் கொண்டுவருவேன். இப்படிப்பட்ட ஆளைத்தான், எதை வைத்துக்கொள்வது எதைத் தூக்கிப் போடுவது என்று தீர்மானிக்கிற குழுவில் போட்டிருந்தார்கள்.

சம்பளம் இல்லாத குழு. லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தில் பல வகைகள் உண்டு. அதில் ஒன்றை, வீட்டில் வேறு அதிகாரம் எதுவும் வாய்க்காத என்னைப் போன்றவர்கள் பல தேசங்களிலிருந்து சேர்ந்து நடத்துகிறோம். அதற்கு ஒரு களஞ்சியம் இருக்கிறது. ஏதாவது மென்பொருள் வேண்டுமென்றால் கண்ட இடத்தில் தேடி வைரஸோடு இறக்கிக்கொள்ள வேண்டாம், களஞ்சியத்தைக் கேட்டால் போதும். அங்கே உள்ள ஒவ்வொரு மென்பொருளுக்கும், எங்கள் பேச்சில் பேக்கேஜுக்கு, ஒரு பராமரிப்பாளர் உண்டு. ஓட்டை அடைப்பதும் புதுப் பதிப்பு வந்தால் ஏற்றி வைப்பதும் அவர் வேலை. அவர் கைவிட்டுவிட்டால் அந்தப் பேக்கேஜ் அநாதை. நான் உருக்கத்துக்காகச் சொல்லவில்லை, எங்கள் ஆவணங்களிலேயே அந்த வார்த்தைதான். ஆறு வாரம் அநாதையாகக் கிடந்தால் அதற்கு 'ஓய்வு' கொடுத்துவிடுவோம். நீக்குவது, அழிப்பது என்றெல்லாம் சொல்ல மாட்டோம். நாகரிகமானவர்கள்.

அந்த ஓய்வு விதிகளை எழுதியவன் நான்.

அதற்கு முன்னால் விதி என்று ஒன்றும் இல்லை. பத்து வருஷமாக யாரும் தொடாத ஒரு சீட்டாட்டத்தை எடுத்துவிடலாமா என்று யாராவது கேட்டால், எடுக்கக் கூடாது என்று நாற்பது கடிதங்கள் வரும். நாற்பது பேரில் ஒருவரும் அதை ஆடியிருக்க மாட்டார்கள். எனக்குச் சலித்துப்போய், ஒரு பொங்கல் விடுமுறையில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு விதிகள் எழுதினேன். எடுக்கப்போகும் பேக்கேஜ்களின் பட்டியலை அறிவிக்க வேண்டும். அறிவித்த பதினான்கு நாட்களுக்குள் ஆட்சேபணை எதுவும் வராவிட்டால், அது யாருக்கும் தேவையில்லை என்று கொள்ளப்படும். இந்த வாக்கியத்தில் எனக்கு ரொம்ப நாள் பெருமை இருந்தது. அதோடு, அடுத்த முறை யாராவது தன் கணினியை மேம்படுத்தும்போது, ஓய்வு பெற்ற பேக்கேஜ் அங்கிருந்தும் தானாகவே கழன்றுவிட வேண்டும் என்று சேர்த்தேன். பாதுகாப்புக்காக. பழையது கிடந்தால் திருடன் நுழைவான் என்று பரணில் மூன்று காலிப் பெட்டி வைத்திருக்கிற நான் வாதாடி ஜெயித்தேன்.

அறிவிப்பை எங்கே கொடுப்போம் என்று சொல்லவில்லையே. எங்களுக்குள் ஒரு மின்னஞ்சல் குழுமம் உண்டு, அதில் கொடுப்போம். அதில் இருப்பவர்கள் எல்லாரும் பேக்கேஜ் செய்கிறவர்கள். பேக்கேஜைப் பயன்படுத்துகிறவனுக்கு அப்படி ஒரு குழுமம் இருப்பதே தெரியாது. குரோம்பேட்டையில் இடிக்கப்போகிற வீட்டுக்கான நோட்டீஸைக் கோவளத்தில் மீன் ஏலத்துக்கு நடுவே வாசித்துவிட்டு, வீட்டுக்காரன் வந்து ஒன்றும் சொல்லவில்லையே என்று திரும்பி வருகிற மாதிரி. இந்த உவமை எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்ற வேண்டிய நேரத்தில் எனக்கு எதுவும் தோன்றாது.

இனி என் நண்பர். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாங்கள் லினக்ஸ் முகாம் நடத்தினோம். விரும்பி வருகிறவர்களின் கணினியில் இலவசமாகப் போட்டுத் தருவது. வந்தவர்கள் பாதிப் பேர் கணினி இல்லாமல் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வெள்ளைக் கோலை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குரல் வந்த திசையில் சரியாக என் எதிரே வந்து நின்றார்.

"சார், இதுல தமிழ் பேசுமா?"

அவருக்குச் சின்ன வயதிலேயே கண் போய்விட்டது. குரோம்பேட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் அலுவலகத்தில் வேலை. வரலாற்றில் எம்.ஏ. படித்தவரை டெலிபோன் போர்டில் உட்கார வைத்திருந்தார்கள். கண் தெரியாதவர் வேலைக்கு வந்தால் யோசிக்காமல் போர்டைக் காட்டுவது நம் அலுவலகங்களின் வழக்கம். முதல் நாள், "ரெண்டு வாரம் இங்க இருங்க, அப்புறம் வேற சீட் பார்க்கலாம்" என்றார்களாம். பதினோரு வருஷம் ஆகியிருந்தது. திரையில் இருப்பதைக் கணினி ஆங்கிலத்தில் படித்துச் சொல்லும், அது அவருக்கு ஏற்கெனவே பழக்கம். ஆனால் அலுவலகத்துக்கு வருகிற மனுக்களில் பாதி தமிழ். தமிழ் பேசினால் அவர் ஃபைல் பார்க்கிற சீட்டுக்குப் போகலாம்.

எங்கேயோ யாரோ ஆராய்ச்சிக்காகச் செய்து அப்படியே விட்டிருந்த ஒரு தமிழ்க் குரலைத் தேடிப் பிடித்து, பேக்கேஜாக்கி, களஞ்சியத்தில் ஏற்றினேன். பராமரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். ஜலதோஷம் பிடித்த செய்தி வாசிப்பாளர் மாதிரி ஒரு குரல். அவர் அதை நான்கு மடங்கு வேகத்தில் ஓட விடுவார். எனக்குக் குக்கர் சத்தம் போல இருக்கும், அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் விளங்கும். அடுத்த வருஷமே போர்டிலிருந்து எழுந்து சான்றிதழ்ப் பிரிவுக்குப் போனார். அந்தக் குரலை "என் ஆளு" என்பார். நான் இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு கூட்டத்தில் சால்வைகூடப் போட்டார்கள். அதுவும் பரணில்தான் இருக்கிறது.

பிறகு நடந்தது இதுதான். போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலை, யாரும் தன்னால் முடிந்ததற்கு மேல் பேக்கேஜ்களை வைத்திருக்கக் கூடாது என்று குழுமத்தில் உபதேசம் செய்தேன். செய்த கையோடு முன்மாதிரியாக இருக்கட்டுமென்று என்னுடைய இருபத்துமூன்றில் ஒன்பதைக் கைவிட்டேன். தமிழ்க் குரல் அந்த ஒன்பதில் ஒன்று. புதிய கருவிகளோடு அது சேர மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தது. சரிசெய்ய ஒரு நாள் உட்கார வேண்டும். யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். உலகத்தில் எங்கோ ஒருவன் தமிழ்க் குரல் ஒன்று அநாதையாகிறதே என்று ஓடி வருவான் என்று நான் உண்மையிலேயே நம்பினேன் என்று இப்போது சொன்னால், என் மனைவிகூடச் சிரிப்பாள்.

ஆறு வாரம் கழித்து ஓய்வுப் பட்டியல் வந்தது. சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கிற முறை என்னுடையது. பட்டியலில் அது இருந்ததைப் பார்க்கவில்லை என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். பார்த்தேன். கையில் காபி டம்ளரோடு அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். நான் கைவிட்டதை நானே பட்டியலிலிருந்து தூக்கினால், சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிற மாதிரி இருக்குமே என்று தோன்றியது. என் நேர்மை என்னையே புல்லரிக்க வைத்தது. ஒப்புதல் கொடுத்தேன், அறிவிப்பையும் என் பெயரிலேயே அனுப்பினேன். பதினான்கு நாட்கள் ஓடின. ஆட்சேபணை எதுவும் வரவில்லை. அவருக்கு ஒரு போன் செய்து சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

இந்த ஜூன் மாதம், கல்லூரி திறப்பதற்கு முன்னால், எங்கள் லினக்ஸ் ஓடுகிற அலுவலகக் கணினிகளை எல்லாம் மேம்படுத்தினார்கள். திங்கட்கிழமை காலை போன் வந்தது.

"சார், என் ஆளு பேச மாட்டேங்கறான்."

"என்னாச்சு?"

"இங்கிலீஷ்காரன் பேசறான். தமிழ் லெட்டரைத் திறந்தா கமா, ஃபுல்ஸ்டாப் மட்டும் சொல்லிட்டு கம்முனு இருக்கான். இவ்வளவு சுருக்கமா எந்த ஸ்டூடண்டும் எழுத மாட்டான் சார்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாய் மட்டும் தன் பாட்டுக்கு, "அவங்க எடுத்துட்டாங்க போலிருக்கு" என்றது. 'அவங்க' ஒரு பொய். 'போலிருக்கு' இன்னொரு பொய். ஒரே மூச்சில் இரண்டு.

"யாரு சார் அவங்க?"

"கம்யூனிட்டில... ஒரு குழு இருக்கு. நான் பார்க்கறேன்."

போனில் தமிழ் பேசுமே என்றேன். "ஃபைல் போன்ல இல்லியே சார்" என்றார். அப்புறம் விஷயத்தைச் சொன்னார். போர்டில் இருக்கிற பெண் பிரசவ விடுப்பில் போகிறாள். சூப்பரிண்டெண்டெண்ட் வந்து, உங்க சிஸ்டம் சரியாகிற வரைக்கும் போர்டில் உட்காருங்கள், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து, சும்மா இரண்டு வாரம்தான் என்றாராம்.

"அந்த ரெண்டு வாரம் எனக்குத் தெரியும் சார். போன தடவை அதை முடிக்க பதினோரு வருஷம் ஆச்சு. இந்தத் தடவை போனா ரிட்டயர்மெண்ட் வரைக்கும் முடியாது."

சனிக்கிழமை கல்லூரிக்குப் போனேன். பழைய பேக்கேஜை என் பென்டிரைவில் வைத்திருந்தேன். எதையும் தூக்கிப் போடாதவன் அல்லவா. ஒட்டுப் போட்டாவது அதை ஏற்றிவிட்டால் விஷயம் அங்கேயே அமுங்கிவிடும். கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிற அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். என்னிடம் மரியாதை உள்ளவர்.

"இது களஞ்சியத்துல இருக்கா சார்?"

"இப்போதைக்கு இல்ல மேடம். ஆனா நான் சொல்றேன்..."

"அய்யய்யோ, நீங்களே இப்படிச் சொல்லலாமா?" என்று சுவரைக் காட்டினார். களஞ்சியத்தில் இல்லாத எதையும் எக்காரணம் கொண்டும், யார் சொன்னாலும் ஏற்றாதீர்கள் என்று முன்பு ஒரு வகுப்பில் நான் சொன்னதை, என் பெயரோடு அச்சடித்து, லேமினேட் செய்து மாட்டியிருந்தார். "யார் சொன்னாலும்" என்பதை நான்தான் அழுத்திச் சொன்னேன் என்று ஞாபகப்படுத்தினார். பென்டிரைவை மறுபடி பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நண்பர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "அந்தக் குழுவுக்கு ஒரு லெட்டர் எழுதிடலாம் சார். நான் தமிழ்ல சொல்றேன், நீங்க நல்ல இங்கிலீஷ்ல போடுங்க. என் மெயில்லேர்ந்தே போகட்டும்."

நான் கணினி முன்னால் உட்கார்ந்தேன். அவர் சோபாவில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்து, சபைக்கு முன்னால் பேசுகிறவர் மாதிரி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு வந்த மனுவை என் கையாலேயே தட்டச்சு செய்தேன்.

"மதிப்பிற்குரிய குழுவினருக்கு. நீங்கள் சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் விதியை நான் குறை சொல்லவில்லை. பதினான்கு நாள் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு ஒரே ஒரு நாள் தெரிந்திருந்தால் போதும்."

என் மனைவி காபியோடு வந்தவள் நின்று கேட்டாள். "யாருக்கு லெட்டர்?"

"பேக்கேஜ் எடுக்கிற குழுவுக்கும்மா" என்றார் நண்பர்.

அவள் என்னைப் பார்த்தாள். "அதுல நீங்க இல்ல?"

"அது... பெரிய குழு" என்றேன். மொத்தம் மூன்று பேர்.

அவள் காபி டம்ளரைச் சத்தமே வராமல் வைத்துவிட்டு உள்ளே போனாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் டம்ளரை அப்படி வைத்த சந்தர்ப்பங்களை எண்ணிவிடலாம். ஒன்றும் நல்லதற்கில்லை.

அவர் தொடர்ந்தார். "இதை எடுத்தவரை வெட்கப்படுத்த நான் எழுதவில்லை. அவருக்கு என்னை நினைவில்லாமல் போயிருக்கும். ஆனால் அந்தக் குரலை வைத்துத்தான் நான் நாற்காலி மாறினேன். நாளையிலிருந்து பழைய நாற்காலிக்குப் போகிறேன்."

எழுதி முடித்ததும், "படிச்சுக் காட்டுங்க சார்" என்றார். படித்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "வெட்கம்னு ஒரு வார்த்தை சொன்னேனே, அது வரலியே" என்றார். கை தானாகவே தாண்டிப் போயிருக்கிறது. இங்கிலீஷில் அது கொஞ்சம் கடுமையாகத் தெரியும் என்றேன். "பரவாயில்ல, போடுங்க." போட்டேன். அனுப்பினேன்.

அரை நிமிஷத்தில் என் சட்டைப் பையில் போன் 'டிங்' என்றது.

அவர் முகம் மெதுவாக என் சட்டைப் பையின் பக்கம் திரும்பியது. காதால் வாழ்கிற மனிதர். ஆறிப்போன காபியைக் கடைசி வரை குடித்தார்.

சானடோரியம் ஸ்டேஷன் வரைக்கும் கூட நடந்தேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஏரிக்கரை ரோட்டில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிப் போட்டிருந்த இடங்களையெல்லாம், "பள்ளம், ரைட்டுல வாங்க" என்று சொல்லிக்கொண்டே போனேன். பள்ளத்தைக் காட்ட மட்டும் எனக்கு நன்றாக வாய் வந்தது. நடைமேடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் மற்றது வந்தது.

"சார், அதை எடுத்தது நான்தான்."

"தெரியும் சார்."

"எப்படி?"

"இங்கிலீஷ்காரன் இருக்கானே. திங்கட்கிழமை காலையில பேக்கேஜ் பேரைப் போட்டுத் தேடினேன். உங்க அறிவிப்பு வந்துது. கடைசியில உங்க பேரைக் கடிச்சுத் துப்பினான், இருந்தாலும் புரிஞ்சுது. அப்புறம்தான் உங்களுக்கு போன் பண்ணேன்."

அப்படியென்றால் 'அவங்க' என்று நான் சொன்னபோதே தெரியும். பதினான்கு நாள் கணக்கு அவர் வாயில் வந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும். என் விதியை என்னைத் தவிர முழுதாகப் படித்த முதல் ஆள் அவராகத்தான் இருப்பார்.

"தெரிஞ்சும் ஏன் சார் லெட்டர்?"

"ஆட்சேபணை இருந்தா குழுவுக்கு எழுதணும்னு போட்டிருந்துதே. லேட்டுதான். ஆனா எழுதினேன்."

கோலைப் பிரித்துக்கொண்டே, "போன்லயே நீங்க சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். அப்புறம் டைப் அடிக்கும்போது சொல்லுவீங்கன்னு பார்த்தேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். வண்டி எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார். வண்டியும் வந்தது. ஏற்றிவிடப் போன என் கையை விலக்காமல், பிடித்துக்கொள்ளவும் செய்யாமல், தானே ஏறிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். ஒரு நாள் வேலை என்று நான் ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்தது நான்கு வரித் திருத்தம். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. சுலபமாக முடிந்ததற்காக நான் அவ்வளவு அவமானப்பட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் ஓய்வு பெற்றது திரும்பி வர வேண்டுமென்றால், புதிய பேக்கேஜ் போலவே இன்னொருவர் அதை முழுதாகச் சோதிக்க வேண்டும், பிறகு பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். இதுவும் என் விதி. கொல்லைப்புறமாக யாரும் நுழைந்துவிடக் கூடாதே என்று எழுதினது. நடந்ததையெல்லாம் குழுமத்தில் எழுதி, விதிவிலக்கு கேட்டேன். குழுவில் இருக்கும் இன்னொருவர் மிகவும் பணிவாகப் பதில் போட்டார். முன்பு யாரோ இதே மாதிரி கெஞ்சியபோது, "ஒருவருக்கு விலக்கு அளித்தால் விதி எதற்கு?" என்று நான் எழுதியிருந்ததைத் தேடி எடுத்து, அப்படியே கீழே ஒட்டியிருந்தார். குத்தலாகச் செய்யவில்லை. என் வாக்கியம் அவருக்குப் பிடித்திருந்ததாம்.

திங்கட்கிழமை நண்பர் போர்டில் உட்கார்ந்தார்.

காத்திருந்த நாட்களில் விதிக்கு ஒரு திருத்தம் எழுதினேன். ஒரு பேக்கேஜைக் கைவிடுகிறவர், அதைப் பயன்படுத்துகிற யாரையாவது தனக்குத் தெரியுமென்றால், முதலில் அவரிடம் நேரில் சொல்ல வேண்டும். இதற்கும் பதினான்கு நாள் கொடுத்தோம். ஆட்சேபணை எதுவும் வரவில்லை. யாராவது படித்தார்களா என்று தெரியாது.

பேக்கேஜ் களஞ்சியத்துக்குத் திரும்பி வந்த அன்று, முதலில் கணினிப் பிரிவு அம்மாவைக் கூப்பிட்டு ஏற்றச் சொன்னேன். அவர் சந்தோஷமாக ஏற்றினார். அப்புறம் நண்பரின் கைபேசிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. கல்லூரி எண்ணுக்கு அடித்தேன். இரண்டாவது மணியில் எடுத்து, "வணக்கம்" என்று சொல்லிக் கல்லூரியின் பெயரையும் சொன்னது ஒரு குரல். திருத்தமான, யாருக்கும் சொந்தமில்லாத குரல். அவர்தான் என்று பிடிபட எனக்கு ஒரு கணம் ஆயிற்று.

"நான்தான் சார்" என்றேன்.

"சொல்லுங்க சார். யாருக்குக் கொடுக்கணும்?"

"உங்களுக்குத்தான். உங்க ஆளு வந்துட்டான். உங்க சிஸ்டத்துல ஏத்தியாச்சு. நாளைக்கே பழைய சீட்டுக்குப் போயிடலாம்."

"ரொம்ப சந்தோஷம் சார்." குரல் உண்மையிலேயே கொஞ்சம் இளகியது. "சூப்பரிண்டெண்டெண்ட் கிட்ட நேத்து பேசினேன். அட்மிஷன் முடியட்டும்னாரு. போர்டுக்கு வேற ஆள் இல்லியாம்."

"எப்ப முடியும்?"

"ரெண்டு வாரம்னாரு." மறுமுனையில் வேறொரு மணி அடித்தது. "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க சார், இன்னொரு கால் வருது."

காத்திருப்போருக்கான இசை ஆரம்பித்தது. பிறந்தநாள் வாழ்த்து அட்டையைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி இசை. அதுவே திரும்பத் திரும்ப ஓடியது. என் மனைவி வந்து, யாரோடு பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று சைகையில் கேட்டாள். நான் போனை வைக்கவில்லை.